பட்டதாரி அப்ரண்டிஸாகச் சேரப் போகிறீர்களா? ஒரு பஸ் டிப்போவில் நான் கற்றுக்கொண்டது

காரைக்குடி அழகப்ப செட்டியார் கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு, 2022-ல் எங்கள் பக்கத்து பஸ் டிப்போ ஒன்றில் ஒரு வருடம் அப்ரண்டிஸாக, அதாவது உதவித்தொகை வாங்கிக்கொண்டு வேலை பழகும் பயிற்சியாளராக, இருந்தேன். சொந்த ஊர் புதுவயல். இப்போது ஊரில் யார் வீட்டுப் பிள்ளை பி.இ. முடித்தாலும், "அப்ரண்டிஸ் போனா அங்கேயே வேலை போட்டுக் குடுப்பாங்களாத்தா?" என்று என்னைத்தான் கேட்கிறார்கள்.

அதற்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம் எந்த நிறுவனத்தையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே வேலையை நம்பிப் போகாதீர்கள், கற்றுக்கொள்ளப் போங்கள். கல்லூரியில் நான்கு வருடம் படித்தும் பஸ் சக்கரத்தில் இருக்கும் பிரேக் டிரம்மைக் கழற்றிப் பார்த்திராத எனக்கு அந்த ஒரு வருடம் பெரிய சொத்து.

விண்ணப்பிப்பது எளிது. மத்திய அரசின் நாட்ஸ் (NATS, தேசிய அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டம்) இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், கட்டணம் கிடையாது. தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. நான் சேர்ந்தபோது பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000. அதில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். இந்த இரண்டில் ஒன்றில் இனிஷியல் பெயருக்கு முன்னாலும் மற்றதில் பின்னாலும் இருந்ததால் எனக்கு ஒரு மாதப் பணம் தள்ளிப்போனது.

சேர்ந்த பிறகுதான் கவனம் வேண்டும். முதல் ஏழு வாரம் என்னை ஆபீஸில் உட்காரவைத்து, டிரைவர்களின் லாக் ஷீட்டை (ஓடிய தூரம், டீசல் கணக்கு எழுதும் தாள்) கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார்கள். மின்விசிறிக்குக் கீழே சுகமான வேலைதான். ஆனால் ஒரு நாள் வீட்டில் அப்பா, "இன்னிக்கு என்னத்தா கத்துக்கிட்ட?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. மறுநாள் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தேன். பிரேக், டயர், எலக்ட்ரிக்கல், இன்ஜின், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) வேலை என்று பிரிவுக்கு இவ்வளவு வாரம் என நானே ஒரு அட்டவணை போட்டு, எனக்கான பயிற்சித் திட்டத்தை இப்படி அமைத்துத் தரும்படி கேட்டிருந்தேன். இரண்டு நாளில் பஸ்களைப் பழுது பார்க்கும் ஷெட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நீங்கள் ஏழு வாரம் காத்திருக்காமல் முதல் வாரமே எழுதிக் கொடுங்கள். வாயால் கேட்டால் "பாக்கலாம்" என்பார்கள்; தாளில் கொடுத்தால் அதற்கு ஒரு பதில் வந்தாக வேண்டும்.

ஷெட்டில் பட்டத்துக்கு மதிப்பில்லை என்று நினைக்க வேண்டாம். அங்கே கைக்கு மதிப்பு அதிகம், அவ்வளவுதான். பிரேக் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்த ஒரு பெரியவர் இருந்தார். நான் சித்தப்பா என்று கூப்பிடுவேன். முதல் நாள் ஸ்பானரை எடுக்கப் போனேன். "ஆத்தா, மொதல்ல காதக் குடு, அப்பறம் கையக் குடு" என்றார். இன்ஜினை அணைத்துவிட்டு பஸ்ஸைச் சுற்றி மெதுவாக நடக்கச் சொன்னார். பின் சக்கரத்துப் பக்கம் மெல்லிய சீறல் கேட்டது. சோப்புத் தண்ணீரைத் தடவினால் அந்த இடத்தில் நுரை கொப்பளித்தது. பிரேக்கை இயக்கும் காற்று அங்கே கசிகிறது, அதுதான் ஏர் லீக். புத்தகத்தில் ஏர் பிரேக்குக்கு ஒரு அத்தியாயமே படித்தவள்தான் நான், ஆனால் அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்னொன்றும் அவரிடம் கற்றது. பஸ் ஓடி வந்து நின்றதும் ஒவ்வொரு டிரம்முக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோக வேண்டும், தொடக் கூடாது. மற்றவை இளஞ்சூடாக இருந்து ஒன்று மட்டும் அனலடித்தால், அந்தச் சக்கரத்தில் பிரேக் முழுதாக விடாமல் உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது என்று அர்த்தம். பிரேக்கில் உரசும் பட்டையான லைனிங் தேயும், டீசலும் கூடுதலாகக் குடிக்கும். டிப்போவில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதைத் தினமும் பார்ப்பார்கள். ஆபீஸில் நான் தட்டிய அதே லாக் ஷீட்டை எடுத்து, மைலேஜ் குறைந்த வண்டிகளைத் தனியாகக் குறித்து, அவற்றின் டிரம் சூட்டையும் பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். என் படிப்பு அங்கே பயன்பட்டது. அதற்குப் பிறகு சித்தப்பாவே நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் எந்த வண்டியை முதலில் தூக்குவது என்று முடிவு செய்வார்.

அந்த நோட்டைப் போல ஒன்றை நீங்களும் வையுங்கள். தேதி, வண்டி, டிரைவர் சொன்ன குறை, நாம் கண்ட காரணம், செய்த வேலை, மறுநாள் சரியாக ஓடியதா. கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதில்தான் கற்றுக்கொள்ள முடியும்.

பகல் நேரத்தில் மட்டும் இருந்தால் பாதிதான் தெரியும். வண்டிகள் இரவில்தான் வந்து சேரும், வேலையும் அப்போதுதான் சூடு பிடிக்கும். அனுமதி வாங்கிச் சில வாரம் மாலை ஷிஃப்டில் இருந்தேன், அப்பா வந்து கூட்டிப்போவார். தைப்பூச சமயத்தில் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடந்து போகிறவர்கள் திரும்பி வர சிறப்புப் பேருந்து விடுவார்கள். அந்த வாரத்தில் கற்றது மூன்று மாதத்துக்குச் சமம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: உரிய அனுமதி இல்லாமல் அப்ரண்டிஸை ஓவர்டைம் செய்யச் சொல்லக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது.

பாதுகாப்பைப் பற்றிப் பெண்பிள்ளைகளுக்கு முக்கியமாகச் சொல்கிறேன். மூன்றாவது மாதம், ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் மேல் குனிந்தபோது என் துப்பட்டாவின் நுனி ஃபேன் பெல்ட் பக்கம் போய்விட்டது. பக்கத்திலிருந்த அண்ணன் தோளைப் பிடித்து இழுத்ததால் தப்பித்தேன். மறுநாளிலிருந்து பேண்ட், சட்டை, இறுகக் கட்டிய கொண்டை, முதல் மாதப் பணத்தில் வாங்கி வீட்டில் வைத்திருந்த சேஃப்டி ஷூ. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. ஸ்டாண்டு வைத்து, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகுதான் போக வேண்டும். பயிற்சியில் காயம்பட்டால் இழப்பீட்டுப் பொறுப்பு நிறுவனத்துடையது. சின்னக் காயமானாலும் எழுத்தில் பதியச் சொல்லுங்கள்.

வருடம் முடிந்ததும் வாரியம் சான்றிதழ் தரும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அதை அனுபவமாகப் பதியலாம். நேர்காணலுக்குப் போகும்போது சான்றிதழோடு அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். நான் இப்போது வேலை பார்க்கும் இடத்தில் சான்றிதழை ஒரு நிமிடம் பார்த்தார்கள். நோட்டைப் புரட்டிப் புரட்டி அரை மணி நேரம் கேள்வி கேட்டார்கள்.