‘ஹேவ்’: எந்த இடத்தில் எந்த வடிவம்?

‘எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்’, ‘என்னிடம் சில்லறை இருக்கிறது’, ‘அவனுக்குக் காய்ச்சல்’. உறவு, பொருள், நோய் எல்லாவற்றையும் தமிழில் ‘கு’, ‘இடம்’ என்ற உருபுகளை வைத்தே சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ‘ஹேவ்’ ஒன்றுதான். உடையவர் எழுவாயாக முதலில் வருவார்: ‘ஐ ஹேவ் டூ யங்கர் பிரதர்ஸ்’, ‘ஐ ஹேவ் சேஞ்ச்’, ‘ஹி ஹேஸ் எ ஃபீவர்’.

ஹி, ஷி, இட், ஒருமைப் பெயர் இவற்றுக்கு ‘ஹேஸ்’. மற்றவற்றுக்கு ‘ஹேவ்’. இறந்தகாலத்தில் எல்லோருக்கும் ‘ஹேட்’. ஆனால் ‘டஸ்’ அல்லது ‘டிட்’ வந்துவிட்டால் அதுவே மாற்றத்தை ஏற்றுக்கொள்ளும். வினை ‘ஹேவ்’ ஆகவே நிற்கும். ‘ஷி டஸின்ட் ஹேஸ்’ தவறு, ‘ஷி டஸின்ட் ஹேவ்’ சரி.

நம்மிடம் அதிகம் கேட்கும் பிழை ‘ஐ ஆம் ஹேவிங் எ கார்’. தமிழின் ‘கிற’ வடிவம் நிலையாக இருப்பதற்கும் இப்போது நடந்துகொண்டிருப்பதற்கும் பொது. ஆங்கிலம் இரண்டையும் பிரித்துவிடுகிறது. சந்தேகம் வந்தால் தமிழ் வாக்கியத்தில் ‘கொண்டிருக்கிறது’ போட்டுப் பாருங்கள். ‘எனக்குத் தம்பி இருந்துகொண்டிருக்கிறான்’ என்று யாரும் சொல்வதில்லை. அங்கே ‘ஹேவிங்’ வராது. ‘சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்’ பொருந்துகிறது, ஆகவே ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ சரி. குளியல், பேச்சுவார்த்தை, விருந்து போன்ற செயல்களுக்கும் அப்படியே.

அடுத்தது துணைவினையாக வரும் ‘ஹேவ்’. இதன் பின்னால் வினையின் மூன்றாம் வடிவம் வர வேண்டும்: கோ, வென்ட், கான் என்பதில் ‘ஹேவ் கான்’ என்பதே சரி, ‘ஹேவ் வென்ட்’ கிடையாது. ‘ஐ ஹேவ் ஈட்டன்’ என்றால் ‘சாப்பிட்டுவிட்டேன்’. சிக்கல் எங்கே என்றால், ‘நேற்றே பார்த்துவிட்டேன்’ என்பது நல்ல தமிழ், ‘ஐ ஹேவ் சீன் இட் யெஸ்டர்டே’ நல்ல ஆங்கிலம் இல்லை. நேற்று, போன வாரம், 2019 என்று முடிந்துபோன நேரத்தைக் குறிப்பிட்டால் ‘ஹேவ்’ விலகிவிடும்: ‘ஐ சா இட் யெஸ்டர்டே’.

‘நேற்று மதுரைக்குப் போயிருந்தேன்’ என்பதை ‘ஐ ஹேட் கான் டு மதுரை யெஸ்டர்டே’ ஆக்குவதும் இதே வகை. ‘போயிருந்தேன்’ தமிழில் தனியாக நிற்கும். ‘ஹேட் கான்’ அப்படி நிற்காது; அதற்குப் பின் நடந்த இன்னொரு சம்பவம் தேவை. ‘வென் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன், தி டிரெயின் ஹேட் லெஃப்ட்’: நான் வருமுன்பே ரயில் போய்விட்டது. அப்படி எதுவும் இல்லையென்றால் ‘ஐ வென்ட்’ போதும்.

‘ஹேவ் டு’ என்றால் கட்டாயம்: ‘ஐ ஹேவ் டு கோ’, போயாக வேண்டும். பேச்சில் இதை ‘ஹேஃப் டு’ என்றே ஒலிப்பார்கள். எதிர்மறையில் கவனம் தேவை. ‘யூ டோன்ட் ஹேவ் டு பே’ என்றால் பணம் கட்டத் தேவையில்லை, விருப்பமிருந்தால் கட்டலாம். ‘கட்டக் கூடாது’ என்று தடுக்க ‘மஸ்ட் நாட்’ வேண்டும். அலுவலகக் கடிதத்தில் இது மாறிப்போனால் உத்தரவே மாறிவிடும்.

பிறரைக் கொண்டு செய்விக்கும் வேலைக்கும் ‘ஹேவ்’ உண்டு. முடிதிருத்துபவரிடம் போய்வந்து ‘ஐ கட் மை ஹேர்’ என்றால் நீங்களே கத்தரித்துக்கொண்டதாகவும் கேட்பவர் எடுத்துக்கொள்ளலாம். ‘ஐ ஹேட் மை ஹேர் கட்’ என்றால் குழப்பமில்லை. ஹேட், பொருள், மூன்றாம் வடிவம் என்பதே வரிசை. அது மாறி ‘ஐ ஹேட் கட் மை ஹேர்’ ஆனால், முன்பே நானே வெட்டியிருந்தேன் என்ற பொருள் வந்துவிடும்.