காலால் மிதித்துச் செய்யும் உதோன்: முதல்முறை செய்பவர்களுக்கு

ஜப்பானிய நூடுல்ஸ் என்றதும் பலருக்கும் ராமென்தான் நினைவுக்கு வரும். வீட்டில் முதன்முதலாகச் செய்து பார்க்க நான் சொல்வது உதோன். மைதா, உப்பு, தண்ணீர், அவ்வளவுதான். இயந்திரமும் வேண்டாம்.

உதோனுக்குப் பேர்போன ஊர் ஷிகொக்கு தீவின் ககாவா மாகாணம். சனுக்கி என்பது அதன் பழைய பெயர். மழை குறைவான பகுதி என்பதால் அங்கே கோதுமை நன்றாக ஊன்றிக்கொண்டது. உப்புக்கு எதிரிலேயே செத்தோ உள்கடல். உதோனைப் போட்டுச் சாப்பிடும் சாற்றுக்கு வேண்டிய, அவித்து உலர்த்திய நெத்திலி இபுகி தீவிலிருந்து வரும்.

மூன்று பேருக்கு 300 கிராம் மைதா, 15 கிராம் உப்பு, 140 மில்லி தண்ணீர். உப்பின் அளவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வேகும்போது பெரும்பகுதி தண்ணீரில் இறங்கிவிடும். மாவை இறுக்கி இழுவை தருவது இந்த உப்புதான். வெயில் காலத்தில் மாவு தளரும் என்பதால் உப்பைக் கூட்டுவார்கள். கோடையில் ஒரு பங்கு உப்புக்கு மூன்று பங்கு தண்ணீர், குளிரில் ஆறு, மற்ற நாட்களில் ஐந்து என்று பழைய வாய்ப்பாடே உண்டு. அது தொழிலாகச் செய்பவர்களுக்கு. நமக்கு மேலே சொன்ன அளவு போதும்.

1. பிசிறுதல். உப்பைத் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, மூன்று தவணையாக மாவில் தெளித்து, விரல்களை விரித்துப் பிசிறுங்கள். புட்டு மாவு மாதிரி உதிரியாக இருக்கும். இங்கேதான் கை துறுதுறுக்கும், இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடலாமே என்று. விடாதீர்கள். அழுத்திச் சேர்த்தால் உருண்டையாகிவிடும், மேல்பகுதி சொரசொரப்பாக இருந்தாலும் பரவாயில்லை. மூடி அரை மணி நேரம் வையுங்கள்.

2. மிதித்தல். கைக்கு அடங்காத இறுகிய மாவு இது, அதனால்தான் கால். கெட்டியான பிளாஸ்டிக் பைக்குள் மாவைப் போட்டு, மேலே ஒரு துணியை விரித்து, குதிகாலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்ல மிதியுங்கள். தட்டையானதும் எடுத்து மூன்றாக மடித்து மறுபடி மிதியுங்கள். நான்கைந்து முறை மடிப்பதற்குள் வெடிப்புகள் மறைந்து மாவு வழுவழுப்பாகும். அதற்கு மேல் மிதித்தால் கிழியத் தொடங்கும், நிறுத்திவிடுங்கள்.

3. ஊற வைத்தல். உருட்டிப் பையிலேயே இரண்டு மணி நேரம். அவசரப்பட்டால் தேய்க்கும்போது மாவு ரப்பராகச் சுருங்கும், கட்டையோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

4. தேய்த்து வெட்டுதல். சோள மாவை (கார்ன்ஃப்ளார்) தாராளமாகத் தூவி 3 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேயுங்கள். மறுபடி தூவி, புடவை மடிப்பதுபோல் முன்னும் பின்னுமாக மடித்து, அதே 3 மில்லிமீட்டர் அகலத்தில் கத்தியை நேராக இறக்கி வெட்டுங்கள். இழுத்து அறுத்தால் ஓரம் நசுங்கும். வெந்தால் பருக்கும் என்பதால் ஒல்லியாகத் தெரிகிறதே என்று கவலை வேண்டாம். ஒட்டியிருக்கும் மாவை உதறிவிடுங்கள்.

5. வேக வைத்தல். பெரிய பாத்திரம், குறைந்தது மூன்று லிட்டர் கொதிநீர், உப்பு போடக்கூடாது. 10 முதல் 12 நிமிடம். ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள், நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் இன்னும் வேக வேண்டும்.

6. அலசுதல். பலர் விட்டுவிடும் வேலை. வடித்தவுடன் குளிர்ந்த நீரில் போட்டு, துணி அலசுவதுபோல் கையால் தேய்த்துக் கழுவுங்கள். மேலே இருக்கும் கொழகொழப்பு போய், இழை பளபளவென்று இறுகும். ஜப்பானியர்கள் கொண்டாடும் அந்த மெல்லும் பதம், 'கொஷி', இப்போதுதான் தெரியும்.

நெத்திலிச் சாறு இல்லையென்றால் கவலையில்லை. சோயா சாஸ் சில சொட்டு, துருவிய முள்ளங்கி, இஞ்சி, வெங்காயத்தாள் போட்டுக் குளிர்ச்சியாகவே சாப்பிடுவது ககாவாவில் சகஜம். நல்ல உதோனுக்கு எனக்கும் இதுதான் பிடிக்கும். சூடாக வேண்டுமானால், அலசியதைக் கொதிநீரில் ஒரு முக்கு முக்கி எடுத்துச் சாற்றில் போடுங்கள். மிஞ்சினால் வேக வைத்ததைப் பங்கு பிரித்து ஃப்ரீசரில் வைக்கலாம், அப்படியே கொதிநீரில் போட்டால் போதும்.