கடல் புத்தகம் பரிந்துரைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலைப் பற்றியோ பாய்மரப் பயணத்தைப் பற்றியோ நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், பலருக்கும் சட்டென்று வாயில் வருவது திமிங்கில வேட்டையைப் பற்றிய ஹெர்மன் மெல்வில்லின் ‘மோபி டிக்’. மகத்தான நாவல்தான். ஆனாலும் அதை முதல் புத்தகமாகக் கொடுப்பது பெரிய தவறு என்பேன். 1851இல் வெளிவந்த அந்த நாவலில் 135 அத்தியாயங்கள் உண்டு. கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பவே 22ஆம் அத்தியாயம் ஆகிவிடும். 32ஆம் அத்தியாயத்தில் கதை அப்படியே நின்று, திமிங்கிலங்களில் எத்தனை வகை என்ற ஆராய்ச்சி தொடங்கும். எல்லோரும் தேடிப்போகும் அந்த வெள்ளைத் திமிங்கிலத்தைத் துரத்துவது கடைசி மூன்று அத்தியாயங்களில்தான். சாகசக் கதை என்று நினைத்து எடுத்தவர் பாதியில் மூடி வைத்துவிடுவார். அதோடு போனால் பரவாயில்லை. கடல் புத்தகமே நமக்கு ஒத்துவராது என்றும் முடிவு கட்டிவிடுவார். ஒரு வாசகரைக் கடலிடமிருந்து விரட்டிவிட்டோம் என்பதுதான் இதில் எனக்கு வருத்தம்.

அதனால், புத்தகத்தின் பெயரைச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: உங்களுக்கு வேண்டியது கதையா, உண்மைப் பயணமா, படகு ஓட்டக் கற்றுத்தரும் நூலா, கடலின் அறிவியலா? பெரும்பாலான தவறுகள் இந்தக் கேள்வியைக் கேட்காததால் வருபவைதான்.

உண்மைப் பயணம் வேண்டும் என்பவருக்கு நான் முதலில் சொல்வது ஜோஷுவா ஸ்லோக்கமை. ‘ஸ்ப்ரே’ என்ற சுமார் 11 மீட்டர் நீளப் பாய்மரப் படகில் 1895இல் புறப்பட்டு 1898இல் திரும்பி, உலகைத் தனியாகச் சுற்றிய முதல் மனிதர் அவர். 1900இல் வந்த அவருடைய நூலில் அலட்டலே இல்லை. இரவில் யாரும் படகில் ஏறிவிடாமலிருக்க மேல்தளமெங்கும் ஆணிகளைத் தூவிவிட்டுப் படுத்ததை, அன்றாட வேலை ஒன்றைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போவார். கடலே பார்க்காதவரும் தடங்கலில்லாமல் படிக்கலாம்.

அடுத்த தவறு, ஒருவர் எழுதியதை மட்டும் கொடுத்துவிட்டு அதுதான் நடந்தது என்று விட்டுவிடுவது. தனியாகக் கடலில் போனவர் எழுதியதற்கு வேறு சாட்சி கிடையாது. 1968இல் தொடங்கிய கோல்டன் குளோப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்ற வேண்டும் என்பது சவால். ஒன்பது பேர் கிளம்பினார்கள். முடித்தவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஒருவர்தான், 312 நாட்களில். பெர்னார் முவாடெசியே பந்தயத்தையே கைவிட்டு, திரும்ப ஐரோப்பாவுக்குப் போக மனமில்லாமல் டஹீட்டி வரை ஓட்டிக்கொண்டு போனார். டொனால்ட் க்ரௌஹர்ஸ்டோ அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றி வருவதாகப் பொய்யான இருப்பிடங்களை ரேடியோவில் அனுப்பினார். 1969 ஜூலையில் அவருடைய படகு ஆளில்லாமல் கிடைத்தது. முதல் இருவரும் தங்கள் பயணத்தைத் தாங்களே எழுதினார்கள். மூன்றாமவரின் கதையை அவர் விட்டுச்சென்ற பதிவுகளைக் கொண்டு இரண்டு பத்திரிகையாளர்கள் எழுதினார்கள். இந்த மூன்றையும் சேர்த்துப் பரிந்துரையுங்கள். தனிமை ஒவ்வொரு மனத்தையும் எப்படிப் பிடிக்கிறது என்பதை இவற்றைப் போலக் காட்டும் புத்தகங்கள் எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஆபத்தான தவறு ஒன்று இருக்கிறது. படகு ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறவருக்குப் பழைய கையேட்டைக் கொடுப்பது. கப்பல்கள் மோதிக்கொள்ளாமல் இருப்பதற்கான இப்போதைய சர்வதேச விதிகள் 1972இல் ஒப்புக்கொள்ளப்பட்டு 1977இல் நடைமுறைக்கு வந்தவை, பின்னாலும் திருத்தப்பட்டிருக்கின்றன. அதற்கு முந்தைய நூலில் விளக்குகள், வழிவிடும் முறை பற்றிப் படித்ததை நம்பி இரவில் கடலில் இறங்கக் கூடாது. ஆபத்து அழைப்பு முறையும் 1999க்குள் முழுக்க மாறிவிட்டது. முடிச்சுகள் மட்டும் மாறாது என்று நினைப்போம். அதுவும் பாதிதான் சரி: சணல் கயிற்றில் இறுகப் பிடித்த சில முடிச்சுகள் இன்றைய வழுக்கும் செயற்கை இழைக் கயிற்றில் நழுவிவிடும். ஆகவே பாடநூல் என்றால் பெயரோடு பதிப்பு ஆண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். பௌடிச்சின் கடல்வழிகாட்டி 1802இல் முதலில் வந்தது. இன்றும் திருத்தி வெளியிடுகிறார்கள். வாங்க வேண்டியது புதிய பதிப்பை.

அறிவியல் நூலுக்கும் வயதாகும், ஆனால் அங்கே அணுகுமுறை வேறு. ரேச்சல் கார்சன் 1951இல் கடலைப் பற்றி எழுதியதன் அழகு இன்னும் குறையவில்லை. கண்டத்தட்டு நகர்வு ஏற்கப்பட்டது 1960களில் என்பதால், நிலா பசிபிக் படுகையிலிருந்து பிய்த்துக்கொண்டு போயிருக்கலாம் என்ற அக்காலக் கருத்து அதில் இருக்கும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தாராளமாகக் கொடுக்கலாம். தோர் ஹெயர்டாலின் ‘கோன்-டிகி’யும் அப்படித்தான். 1947இல் பால்சா மரத் தெப்பத்தில் பெருவிலிருந்து பாலினீசியத் தீவுகள் வரை 101 நாட்கள் மிதந்துபோனது உண்மை, படிக்கவும் அருமை. ஆனால் அந்தத் தீவுகளின் மக்கள் முதலில் தென்னமெரிக்காவிலிருந்து குடியேறினார்கள் என்ற வாதம் நிற்கவில்லை. அவர்களின் மூதாதையர் மேற்கிலிருந்து, ஆசியப் பக்கமிருந்து வந்தவர்கள்.

கப்பல் மூழ்குவதும் புயலும் மட்டுமே கடல் என்று காட்டுவது இன்னொரு தவறு. முதல் தடவை படகில் ஏறப்போகிறவரிடம், உயிர்காப்புத் தெப்பத்தில் 76 நாட்கள் கிடந்த ஸ்டீவன் கலாஹனின் கதையை நீட்டாதீர்கள். கொஞ்சம் கடலில் பழகிய பிறகு கொடுத்தால், உடைந்ததைக் கலாஹன் எப்படிச் சரிசெய்தார் என்பதையெல்லாம் வாசகர் கவனித்துப் படிப்பார். விபத்துக் கதைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் அண்டார்க்டிகாவுக்குப் போன ஷாக்கிள்டனின் ‘எண்டியூரன்ஸ்’ கப்பலின் கதை நல்லது. கப்பல் பனியில் நொறுங்கியும் அதில் போன 28 பேரும் உயிரோடு திரும்பினார்கள்.

கடலை உழைத்துப் பிழைக்கும் இடமாகப் பார்க்கிற புத்தகங்களை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். தமிழ் வாசகருக்கு ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) இருக்க, எப்போதும் பொழுதுபோக்குப் படகுக்காரர்களையே அடுக்குவது நியாயமில்லை. கடற்கரை வழக்கு முதல் சில பக்கங்களில் தடுக்கும், பொறுமையாகப் போங்கள் என்று சொல்லிக் கொடுங்கள்.

பதிப்பைப் பார்க்காமல் பரிந்துரைப்பதும் வாசகரை ஏமாற்றுவதுதான். ஜூல் வேர்னின் ‘கடலடியில் இருபதாயிரம் லீக்’ நாவலின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று கணிசமான பகுதியை வெட்டியது. காப்புரிமை இல்லாததால் அதுவே திரும்பத் திரும்ப அச்சாகிறது. முழுமையான பதிப்பா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். மின்நூல்களில் வரைபடங்கள் மங்கலாகவோ சிறிதாகவோ வருவதுண்டு. பயண நூலில் அது பெரிய இழப்பு. அப்படிப்பட்ட பதிப்புதான் கிடைக்கிறது என்றால், பக்கத்தில் ஒரு உலக வரைபடத்தை விரித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.