கால்பந்துத் தலைப்பட்டை: பந்துக்காக வாங்குவதுதான் முதல் தவறு

பிள்ளை பந்தைத் தலையால் முட்டி முட்டி ஆடுகிறது, ஒரு நுரைப்பட்டை வாங்கிக் கொடுத்தால் மூளைக்குப் பாதுகாப்பு என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். மற்ற தவறுகளெல்லாம் இந்த நினைப்பிலிருந்துதான் கிளம்புகின்றன.

நுரை நசுங்கினால்தான் அடியை வாங்கிக்கொள்ளும். ஆனால் காற்றடைத்த பந்து நெற்றியில் படும்போது பந்தே அமுங்கிவிடுகிறது. மெல்லிய நுரைக்கு அங்கே அதிகம் வேலையில்லை. தலையும் தலையும் மோதினால் கதை வேறு. இரண்டு பக்கமும் கெட்டி எலும்பு, அப்போது நடுவில் இருக்கும் நுரை நசுங்கி அடியைத் தணிக்கும், தோல் கிழிவதையும் குறைக்கும். இந்தப் பட்டைகளுக்கு நட்சத்திர மதிப்பீடு தரும் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் சோதிப்பதும் தலைக்குத் தலை மோதலைத்தான். ஐந்து நட்சத்திரத்தைப் பார்த்ததும் ‘ஹெட்டருக்கு (பந்தைத் தலையால் முட்டுவதற்கு) நல்லது’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கோல்கீப்பர் பீட்டர் செக்கின் கறுப்புத் தொப்பியை உதாரணம் காட்டுவார்கள். 2006 அக்டோபரில் ரெடிங் அணியுடன் ஆடியபோது எதிரணி வீரரின் முழங்கால் மோதி அவருடைய மண்டையோடு உடைந்தது. 2007 ஜனவரியில் ரக்பி வீரர்கள் அணிவது போன்ற தொப்பியோடு திரும்பினார், ஓய்வு பெறும்வரை அதைக் கழற்றவில்லை. பந்துக்குப் பயந்து போட்டதல்ல அது.

இருப்பதிலேயே ஆபத்தான தவறு, ‘பட்டை போட்டிருக்கிறானே, ஒன்றும் ஆகாது’ என்று அடிபட்டவனைத் தொடர்ந்து ஆடவிடுவது. தலை சட்டென்று திரும்பும்போது மண்டைக்குள் மூளையும் குலுங்கும். வெளியே சுற்றிய பட்டையால் அதை நிறுத்த முடியாது. அமெரிக்க உயர்நிலைப்பள்ளி வீரர்களை வைத்து விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வில், பட்டை அணிந்ததால் மூளை அதிர்ச்சி குறைந்ததாகத் தெரியவில்லை. மயங்கி விழுந்தால்தான் மூளை அதிர்ச்சி என்பதும் இல்லை. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், கேட்டதையே திரும்பக் கேட்பது, ‘இப்போ ஸ்கோர் என்ன?’ என்றால் முழிப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் வெளியே உட்கார வையுங்கள். அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் இல்லை. வாந்தி நிற்கவில்லை, தலைவலி ஏறிக்கொண்டே போகிறது, தூக்கத்திலிருந்து எழுப்ப முடியவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அளவிலும் கோட்டை விடுகிறார்கள். வளரும் பிள்ளை என்று பெரிதாக வாங்கினால் பட்டை வழுக்கிக் கண்ணை மறைக்கும், எதிரே வருபவன் தெரியாமல் மோதலே நடக்கலாம். சைக்கிள் ஹெல்மெட் போன்ற கெட்டியான எதையும் போட்டு இறங்கவும் முடியாது. மென்மையான, எடை குறைந்த காப்புக்கு மட்டுமே ஆட்ட விதிகளில் இடம் உண்டு.

சரி, ஹெட்டர்தான் கவலை என்றால்? எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். 10 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு ஹெட்டரே வேண்டாம் என்று அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2015இல் அறிவித்தது. 2020இல் இங்கிலாந்தும் சின்னப் பிள்ளைகளின் பயிற்சியிலிருந்து ஹெட்டரை எடுக்கச் சொன்னது. அப்புறம் பந்தைப் பாருங்கள். பெரியவர்களின் 5ஆம் எண் பந்தைச் சிறுவர்களிடம் கொடுத்துவிட்டு, பட்டைக்குக் காசு செலவழிப்பவர்கள் உண்டு. விதி அனுமதிக்கும் காற்றழுத்தம் 0.6 முதல் 1.1 வளிமண்டலம் (atm என்ற அழுத்த அலகு) வரை. பயிற்சிக்குக் கீழ் எல்லையை ஒட்டி வைத்தாலே நெற்றியில் விழும் அடி குறையும், அதற்குத் தனிச் செலவும் இல்லை.