பலாப் பலகையில் ஒரு குட்டி வாங்கு

இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பக்கக் குளிர் பலா மரத்துக்கு ஒத்துவராது. நமக்குக் கிடைக்கும் பலாப் பலகை பெரும்பாலும் நாவலப்பிட்டி, கம்பளை, கண்டிப் பக்கமிருந்து லொறியேறி வருவதுதான். தேக்கைவிட விலை குறைவு, கைவாளுக்கும் உளிக்கும் இணங்கிப் போகும். வீடு கட்டுகிறவர்கள் கதவு நிலைக்கும் யன்னலுக்கும் இதைத்தான் தேடுகிறார்கள். மிருதங்கமும் வீணையும் கடைவதற்கும் பலாவுக்குத்தான் முதல் மரியாதை.

பழகுவதற்கு ஒரு வாங்கு, அதாவது உட்காரும் பெஞ்ச், செய்வோம். மூன்றடி நீளம், ஒன்பது அங்குல அகலம், முழங்கால் உயரம்.

1. பலகை வாங்குதல்

மரக்காலையில் (மரம் விற்கும் இடத்தில்) கன அடிக் கணக்கில் விலை சொல்வார்கள். 8 அடி நீளம், 9 அங்குல அகலம், 1 அங்குலத் தடிப்பு என்றால் சரியாக அரைக் கன அடி (96ஐ 9ஆல் பெருக்கி 1728ஆல் வகுத்துப் பாருங்கள்). ஒரு வாங்குக்கு அது போதும்.

பலகையின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். மஞ்சளாக இருப்பது வைரம், அதாவது மரத்தின் முற்றிய உள்பகுதி. ஓரத்தில் வெளிறிப் பால் நிறமாக இருப்பது வைரம் பாயாத பகுதி. பலாவைக் கறையான் தொடாது என்ற பேச்சு வைரத்துக்கு மட்டும்தான். வெளிறிய ஓரம் ஒரு விரலுக்கு மேல் இருந்தால் அடுத்த பலகையைக் கேளுங்கள். புதிதாக அறுத்த வைரம் மஞ்சள் பூசிக் குளித்த முகம் போல இருக்கும். வெளிச்சம் படப்பட தேன் நிறமாகி, அப்புறம் பழுப்பாகும். பிக்குகளின் உடைக்குச் சாயம் காய்ச்சியதும் இந்த வைரத்தின் செதில்களில்தான்.

வீட்டு மரத்தையே வெட்ட நினைக்கிறீர்களா? 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் பலாவும் இருக்கிறது. கிராம சேவகரைப் பார்த்து, பிரதேச செயலகத்தில் அனுமதி எடுத்த பிறகே கோடரியை எடுங்கள். சிங்களத்தில் பலாவைச் சோற்று மரம் என்றே சொல்வார்கள். அதனால் இந்த அலைச்சலில் எனக்குக் கோபம் இல்லை.

2. காயவைத்தல்

இதில்தான் நான் கையைச் சுட்டுக்கொண்டேன். ஒரு ஜூன் மாத மழையில், "காய்ந்த பலகை" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, வாங்கிய கையோடு சீவி, நாலு பக்கமும் இறுக்கி ஆணி அடித்தேன். பெப்ரவரி வெயிலில் மேற்பலகை நடுவே நகம் நுழையும் அளவுக்குப் பிளந்தது. அம்மா அதன்மேல் ஒரு சாக்கை விரித்துப் போட்டு இன்றைக்கும் உட்காருகிறார்.

வெட்டுமுகம் இரண்டிலும் பழைய பெயின்ட் பூசுங்கள். ஈரம் அந்த வழியாகத்தான் வேகமாக வெளியேறும்; வெடிப்பும் அங்கேதான் தொடங்கும். மழை படாத, காற்று ஓடும் இடத்தில், தரையிலிருந்து ஓரடி உயர்த்தி அடுக்குங்கள். பலகைகளுக்கு நடுவே ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஒரே தடிப்புள்ள குச்சிகளை வையுங்கள். மேல் குச்சி கீழ்க் குச்சிக்கு நேர் மேலே வரவேண்டும், இல்லாவிட்டால் பலகை அலையடிக்கும். அடுப்புக்கு மேலே போட்டு அவசரப்படுத்த வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் காய்ந்து வளைந்துவிடும்.

அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் என்பது பழைய பாஸ்மாரின் (தச்சர்களின்) கணக்கு. எனக்கு அதைவிடத் தராசில் நம்பிக்கை. ஒரு சிறு துண்டை அதே அடுக்கில் வைத்து, மாதம் ஒரு தடவை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் எடை இறங்காமல் நின்றால் சரி. அந்த இரண்டும் மழை மாதங்களாக இருந்தால் கணக்கில் சேர்க்காதீர்கள்.

3. அறுத்துச் சீவுதல்

மேற்பலகைக்கு 36 அங்குலம், கால்களுக்கு 16 அங்குலத்தில் இரண்டு. மிச்சத் துண்டில் 3 அங்குல அகலத்துக்கு ஒரு நீளச் சட்டமும், நாலு சிறு கட்டைகளும் எடுக்கலாம். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

பலாவில் ரேகை ஒரே திசையில் ஓடாது. சீவுளி வழுக்கிக்கொண்டு போகும், ஒரு சாண் தள்ளி டக்கென்று பிய்க்கும். அங்கே பலத்தைக் காட்டாமல், பலகையைத் திருப்பி எதிர்ப்பக்கமிருந்து சீவுங்கள். விழும் சுருளை வெளிச்சத்தில் பிடித்தால் விரலின் நிழல் தெரியவேண்டும். தெரியாவிட்டால் தகடு அதிகம் இறங்கியிருக்கிறது.

4. பூட்டுதல்

கால்களை இரு முனையிலிருந்தும் 4 அங்குலம் உள்ளே நிறுத்தி, இடைவெளியை அளந்து, அந்த அளவுக்குச் சட்டத்தை அறுத்து நடுவில் பசை வைத்துப் பூட்டுங்கள். காலும் மேற்பலகையும் சேரும் மூலையில், சட்டத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு கட்டை. ஸ்க்ரூவுக்கு முன் துளை போட மறக்காதீர்கள். மேற்பலகைக்குப் போகும் ஸ்க்ரூவுக்குக் கட்டையில் உள்ள துளை மட்டும் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும். மழைக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்கும் பலகைக்கு அந்த இடம் வேண்டும். என் முதல் வாங்கில் அது இல்லை. நம் ஈரத்துக்குப் பித்தளை ஸ்க்ரூ நல்லது.

5. எண்ணெய்

சாண்ட் பேப்பர் போட்டு, லின்சீட் எண்ணெயை மெல்லிசாக இரண்டு மூன்று தடவை பூசி, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

முதல் சில மாதம் வாங்கின்மேல் ஒரே இடத்தில் எதையும் வைத்து மறந்துவிட வேண்டாம். என் இரண்டாவது வாங்கு நன்றாகப் பழுப்பேறிவிட்டது. ரேடியோ இருந்த இடம் மட்டும் இன்னும் சதுரமாக மஞ்சளாகத் தெரிகிறது.