ஹங்கேரியன் மைனர்: விரல் வழுக்கும் இடங்கள்

முத்தியால்பேட்டையில் நான் கீபோர்டு சொல்லித்தரும் அறைக்குச் சர்ச் கொயரில் வாசிக்கும் பிள்ளைகளும் வருகிறார்கள், கர்நாடக இசையின் பால பாடமான சரளி வரிசை பாடிவிட்டு வரும் பிள்ளைகளும் வருகிறார்கள். ஹங்கேரியன் மைனர் ஸ்கேல் (ஸ்வர வரிசை) என்றதும் எல்லோரும் மிரளுகிறார்கள். முதல் தவறு அந்த மிரட்சிதான். அதன் ஸ்வரங்கள் ச ரி2 க2 ம2 ப த1 நி3 (எண்கள் ஒரே ஸ்வரத்தின் தாழ்ந்த, உயர்ந்த வகைகளைக் குறிக்கும்). அதாவது 57ஆவது மேளமான (தாய் ராகமான) சிம்மேந்திரமத்திமத்தின் ஸ்வரங்கள்.

சரளி வரிசை தெரிந்த கைக்குள்ளேயே இது இருக்கிறது. ஒரு கட்டையில் (ஸி) சரளி வரிசையின் ராகமான மாயாமாளவகௌளையை வாசியுங்கள். பிறகு அதன் மத்திமத்தை, நான்கு கட்டையை (எஃப்), ஸட்ஜமாக வைத்து அதே ஸ்வரங்களில் ஏறுங்கள். ஹங்கேரியன் மைனர் வந்துவிடும். சுருதிப்பெட்டியையும் நான்கு கட்டைக்கு மாற்றுங்கள். பலர் இதை மறந்துவிட்டு, ஒன்றும் வரவில்லையே என்கிறார்கள்.

அடிக்கடி சறுக்குவது மத்திமம். ஹார்மோனிக் மைனர் ஸ்கேல் பழகிய விரல் அதிலுள்ள தாழ்ந்த மத்திமமான ம1-இல் போய் விழும். விழுந்தால் அது கீரவாணி ராகம். (மத்திமம் சரியாக இருந்து நிஷாதம் மட்டும் இறங்கினால் சண்முகப்பிரியா.) இதற்கு ஸ்கேலை மேலும் கீழும் நூறு தடவை ஓட்டுவது மருந்தில்லை. பஞ்சமத்தைச் சுற்றி மட்டும் வாசியுங்கள்: ம ப த ப, த ப ம ப. பஞ்சமத்துக்குக் கீழேயும் மேலேயும் அரை ஸ்வர தூரத்தில் ஒவ்வொரு ஸ்வரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஹங்கேரிய இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் லிஸ்ட் போன்றவர்களை ஈர்த்த அந்த ஏக்கம் இந்த நெருக்கத்தில்தான் பிறக்கிறது என்பேன். காது அதைப் பிடித்துவிட்டால் விரல் தானாகத் திருந்தும்.

க2-ம2, த1-நி3 இடைவெளிகள் மூன்று அரை ஸ்வரங்கள். நடுவில் எதையாவது இட்டு நிரப்பாதீர்கள். அந்தத் தாவல்தான் ஸ்கேலின் முகம்.

ஸியை ஸட்ஜமாக வைத்துக் கார்டு (chord, சேர்த்து அழுத்தும் ஸ்வரங்கள்) வைக்கும்போது கொயர்ப் பிள்ளைகள் ஸி மைனருக்குத் துணையாக ஜி7 அழுத்திவிடுகிறார்கள். அதிலுள்ள எஃப் இந்த ஸ்கேலில் கிடையாது, இருப்பது எஃப் ஷார்ப். வெறும் ஜி மேஜர் போதும். எழுதும்போதும் அதை ஜி ஃப்ளாட் என்று எழுதக்கூடாது. எழுதினால் எஃப் விடுபட்டு, ஜி இரண்டு தடவை வரும்.

இத்தனையும் சரியாக வந்தாலும் அது ராகமாகிவிடாது. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வரும் ஒரு மாணவியின் அப்பா நாகஸ்வரம் வாசிப்பவர். மகள் வாசித்ததைக் கேட்டுவிட்டு, "ஸ்வரமெல்லாம் சரிங்க சார். மத்திமம் பஞ்சமத்தை எட்டியே பார்க்கலையே" என்றார். இப்போது அவளுக்குப் ஸ்வரத்தை மேலே கீழே வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தில் அந்த ஒரு மத்திமத்தை மட்டும் சொல்லித்தருகிறேன்.