ஒரு கோலின் பரபரப்பு ரசிகர்களை உருவாக்கியதா? அமெரிக்கக் கால்பந்து ஆர்வத்தை இணையத் தரவில் கணிக்கும் முறை

2011 ஜூலை 17 அன்று மகளிர் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் அமெரிக்கா ஜப்பானிடம் பெனால்டி ஷூட்அவுட்டில் தோற்ற வேளையில், ட்விட்டரில் நொடிக்கு 7,196 பதிவுகள் குவிந்தன. அதுவரை வேறெந்த நிகழ்வும் அந்த அளவைத் தொட்டதில்லை. ஆனால் அப்போது அமெரிக்காவில் நடந்துவந்த மகளிர் தொழில்முறை லீக் 2012ஆம் ஆண்டுப் பருவத்தை நடத்தவே இல்லை; அவ்வாண்டு மே மாதம் நிரந்தரமாக மூடப்பட்டது. அந்நாட்டில் கால்பந்து வளர்கிறதா என்பதை இணையக் கவனத்தைக் கொண்டு கணிக்க விரும்புபவர் இவ்விரண்டு செய்திகளையும் சேர்த்தே மனத்தில் கொள்ள வேண்டும். உச்சத்தை அளப்பது எளிது. உச்சம் வடிந்த பின் எவ்வளவு தங்கியது என்று பார்ப்பதற்கே முறை தேவைப்படுகிறது.

முதலில் ஆராயப்போகும் தருணத்தையும் அதன் தன்மையையும் தெளிவாக வரையறுத்துக்கொள்ளுங்கள். 2010 உலகக் கோப்பையில், ஜூன் 23 அன்று பிரிட்டோரியாவில் அல்ஜீரியாவுக்கு எதிராக இஞ்சுரி டைமில் (90 நிமிடங்கள் முடிந்தபின் சேர்க்கப்படும் நேரத்தில்) அமெரிக்க வீரர் லாண்டன் டானவன் அடித்த கோல், தொடரிலிருந்து வெளியேறவிருந்த அவரது அணியை அதே நொடியில் பிரிவின் முதலிடத்துக்குக் கொண்டுசென்றது. அது ஒரு புதன்கிழமை. அமெரிக்கக் கிழக்குப் பகுதியில் ஏறத்தாழ நண்பகல். பலர் அலுவலகத்தில் கணினியின் முன் இருந்த நேரம் என்பதால், அந்த மகிழ்ச்சி இணையத்தில் வெடித்ததில் வியப்பில்லை. ஆட்டம் நடந்த நாளையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளாமல் இரண்டு உச்சங்களை ஒப்பிட்டால், ஆர்வத்தின் அளவுக்குப் பதிலாகக் கடிகாரத்தையே அளந்துகொண்டிருப்பீர்கள்.

வெற்றி மட்டுமே கவனத்தை ஈர்க்கும் என்றும் கருத வேண்டியதில்லை. 2014 உலகக் கோப்பையில், ஜூலை 1 அன்று பெல்ஜியத்திடம் அமெரிக்கா கூடுதல் நேரத்தில் 2-1 என்று தோற்ற ஆட்டத்தில், அமெரிக்கக் கோல்கீப்பர் டிம் ஹோவர்ட் பந்துகளைத் தடுத்துக்கொண்டே இருந்தார். டிம் ஹோவர்டால் எதையெல்லாம் காப்பாற்றியிருக்க முடியும் என்ற கேலிப் படங்கள் ட்விட்டரை நிறைத்தன. விக்கிப்பீடியாவில் யாரோ அவரை நாட்டின் பாதுகாப்புத் துறை அமைச்சராகவே மாற்றிவிட்டார். இத்தகைய மீம்கள் ஆட்டத்தைப் பார்க்காதவர்களையும் எட்டுகின்றன என்பதே இங்குள்ள சிக்கல். ஆகவே தேடலின் அளவோடு நிற்காமல், தொடர்புடைய தேடல்களையும் படியுங்கள். "இவர் யார்" என்று தேடுபவர் கடந்துபோகிறவர். "அடுத்த ஆட்டம் எப்போது", "எந்தச் சேனலில்" என்று தேடுபவர் தங்க வாய்ப்புள்ளவர். என் பார்வையில், இந்த இரண்டாம் வகைத் தேடல் சிறிய அளவில் இருந்தாலும் முதல் வகையைவிடப் பன்மடங்கு மதிப்புடையது.

கூகுள் தேடல்களின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸில் நாட்டை அமெரிக்கா என்று அமைத்த பின், "ஃபுட்பால்" என்ற சொல்லை இடாதீர்கள்; அங்கே அது அமெரிக்கன் ஃபுட்பால் எனப்படும் முட்டைவடிவப் பந்து விளையாட்டைக் குறிக்கும். தனிச் சொல்லுக்குப் பதிலாக, விளையாட்டைக் குறிக்கும் தலைப்பைத் தேர்ந்தெடுத்தால் ஸ்பானிய மொழித் தேடல்களும் கணக்கில் சேரும். அவற்றை விட்டுவிட்டால் கணிப்பே கோணலாகிவிடும். மெக்சிகோ அணியையும் அந்நாட்டின் லீக்கான லிகா எம்எக்ஸின் கிளப்புகளையும் தலைமுறைகளாகப் பின்தொடரும் பெருங்கூட்டம் அமெரிக்காவில் இருக்கிறது. அவர்களைப் புதிய ரசிகர்கள் என்று எண்ணுவதும் பிழை, எண்ணாமல் விடுவதும் பிழை. அடுத்து, அங்கே காட்டப்படும் 0 முதல் 100 வரையிலான எண்கள் ஒப்பீட்டு மதிப்புகளே. வரைபடத்துக்குள் உலகக் கோப்பை மாதம் ஒன்று நுழைந்துவிட்டால், மற்ற மாதங்கள் அனைத்தும் தரையோடு ஒட்டிய கோடாகிவிடும். எனவே உலகக் கோப்பை மாதங்களை விலக்கிய காலப்பகுதிக்குத் தனியாக இன்னொரு வரைபடம் எடுங்கள். உண்மையான எண்ணிக்கை வேண்டுமென்றால் விக்கிப்பீடியாவின் பக்கப் பார்வைத் தரவு 2015 ஜூலை முதல் கிடைக்கிறது. ஆங்கிலப் பக்கங்களை உலகமெங்கும் படிப்பதால் அதை அமெரிக்காவின் கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி முக்கியமான வேலை. மழை நின்று சில வாரங்கள் கழித்துக் கிணற்றின் நீர்மட்டத்தைப் பார்ப்பதுபோல, உச்சம் முடிந்து ஆறு முதல் எட்டு வாரங்கள் காத்திருந்து, அந்த வாரங்களின் சராசரியை முந்தைய ஆண்டுகளின் அதே வாரங்களோடு ஒப்பிடுங்கள். முந்தைய மாதத்தோடு ஒப்பிடுவது பயன்தராது, ஏனெனில் செப்டம்பரில் அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லின் பருவம் தொடங்கியதும் பொதுக் கவனம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். செப்டம்பரிலும் அடிமட்டம், அதாவது பரபரப்பு இல்லாத வாரங்களின் சராசரி, உயர்ந்தே நின்றால் அதை நம்பலாம்.

அடிமட்டம் உயராவிட்டால், ரசிகர்கள் மீது பழிபோடுமுன் அவர்களுக்கு அடுத்து பார்க்க என்ன இருந்தது என்று விசாரியுங்கள். 1999 ஜூலை 10 அன்று மகளிர் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில், ரோஸ் பவுல் அரங்கில் 90,185 பேர் முன்னிலையில் அமெரிக்க வீராங்கனை பிராண்டி சாஸ்டெயின் வெற்றிப் பெனால்டியை அடித்தார்; மகளிர் தொழில்முறை லீக் தொடங்கியதோ 2001இல். அது 2003இலேயே நின்றுபோயிற்று. மாறாக, 2013 முதல் என்பிசி தொலைக்காட்சி நிறுவனம் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் ஆட்டங்களைப் பருவம் முழுவதும் ஒளிபரப்பியது. நேர வேறுபாட்டின் காரணமாக அவை வார இறுதியின் காலை நேரத்தில் வந்தன. உள்ளூர் பெரும் போட்டிகள் எதுவும் குறுக்கிடாத நேரம் அது. மெஸ்ஸியின் வருகையிலும் இதே இயக்கம் தெரிகிறது: 2023 ஜூலை 21 அன்று அமெரிக்க லீக் அணியான இன்டர் மயாமிக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே கடைசி நிமிடங்களில் ஃப்ரீ கிக்கில் கோல் அடித்தார், நான்கே நாட்களில் அடுத்த ஆட்டமும் நடந்தது. ஆனால் அவரைத் தேடுபவர்கள் லீக்கையும் தேடுகிறார்களா என்பது தனிக் கேள்வி. மயாமி அணி ஆடச் சென்ற மாநிலங்களில் உள்ளூர் கிளப்பின் மீதான தேடல் அடுத்த மாதமும் நீடித்ததா என்று மாநில வாரியாகப் பார்த்தால் விடை கிடைக்கும்.

சொந்த அணி இல்லாத ஆட்டங்களையும் தவறாமல் சேருங்கள். தேசப்பற்றையும் விளையாட்டு ஆர்வத்தையும் பிரித்துக்காட்டுவதில் அவற்றுக்கு இணையில்லை. 2022 டிசம்பர் 18 அன்று அர்ஜென்டினாவும் பிரான்சும் மோதிய உலகக் கோப்பை இறுதிப் போட்டியின்போது அமெரிக்கா வெளியேறி இரண்டு வாரங்கள் ஆகியிருந்தன. பிரான்சின் எம்பாப்பே இரண்டு நிமிடங்களுக்குள் இரண்டு கோல் அடித்துப் போட்டியை உயிர்ப்பித்த அந்த நாளில், கூகுள் தேடல் தன் 25 ஆண்டுகளில் கண்டிராத அளவு போக்குவரத்தைப் பதிவுசெய்ததாக அந்நிறுவனத்தின் தலைவர் சுந்தர் பிச்சை அறிவித்தார். அது உலகக் கணக்கு என்றாலும், அமெரிக்காவிலும் ஆங்கிலம், ஸ்பானியம் ஆகிய இரு மொழி ஒளிபரப்புகளிலும் சேர்த்து 2.5 கோடிக்கும் மேற்பட்டோர் அதைப் பார்த்தனர். அமெரிக்கா தகுதி பெறத் தவறிய 2018 உலகக் கோப்பையும் இதே வகையில் பயன்படும்.

2026 ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை 48 அணிகள், 104 ஆட்டங்கள் எனக் கனடா, மெக்சிகோ, அமெரிக்கா மூன்றும் சேர்ந்து நடத்தும் உலகக் கோப்பைக்கு இம்முறையைப் பொருத்தும்போது ஓர் இடர் வரும்: ஒப்பிடுவதற்கு அமைதியான கோடைக்காலமே இல்லை. 2023இல் மெஸ்ஸியும் மகளிர் உலகக் கோப்பையும், 2024இல் அமெரிக்க மண்ணில் தென் அமெரிக்க அணிகளின் தொடரான கோபா அமெரிக்கா, 2025இல் அங்கேயே கிளப் உலகக் கோப்பை என்று ஒவ்வொரு கோடையும் ஏற்கெனவே கலங்கிக் கிடக்கிறது. ஆகையால் கோடையை விட்டுவிட்டு, 2026இன் அக்டோபர், நவம்பர் மாதங்களை முந்தைய மூன்று ஆண்டுகளின் அதே மாதங்களோடு ஒப்பிடுங்கள். அதையும் தேசிய அணியின் பெயரில் செய்யாமல், உள்ளூர் கிளப்புகளின் பெயர்களில் செய்யுங்கள்.